வேளாங்கண்ணிக்கு முதல் முறை நடந்து போகிறீர்களா?

ஆவணி பிறந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தஞ்சாவூர் – நாகை சாலையிலும் காவி உடைக் கூட்டங்கள் தென்படத் தொடங்கும். முன்னால் ஒரு கொடி, நடுவில் மாதா சுரூபம் வைத்த சின்னச் சப்பரம், பின்னால் மூட்டை முடிச்சுகளை ஏற்றிய குட்டி யானை வண்டி. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ, செப்டம்பர் 8 திருவிழாவுக்கோ வேளாங்கண்ணி போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டு நடக்கிறவர்கள். இந்த ஆண்டு நாமும் ஒரு குழுவில் சேர்ந்து நடந்தால் என்ன என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கத்தோலிக்கராக இருந்தால்தான் வர முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். நடப்பவர்களில் இந்துக்கள் நிறைய உண்டு. பிள்ளைக்கு வேளாங்கண்ணி என்றே பெயர் வைத்த இந்துக் குடும்பங்களும் உண்டு.

முதல் முறை வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று. இருக்கிற தெம்பை எல்லாம் சாலையிலேயே செலவழித்துவிட்டு, காலெல்லாம் கொப்புளமாக வந்து, வரிசையில் நின்று, மாதாவை அரை நிமிடம் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் குளத்தையும் திட்டையும் பார்க்காமலே திரும்புவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. வேளாங்கண்ணியின் கதை ஒரு குளக்கரையில் தொடங்கி, ஒரு மணல் திட்டில் வளர்ந்து, கடலிலிருந்து வந்தவர்கள் கட்டிய கோவிலில் நிற்கிறது. அந்த இடங்களை வரிசையாகப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். கீழே சொல்லும் ஏற்பாடு எல்லாம் அந்த ஒரு நாளுக்குத் தெம்பை மிச்சம் பிடிக்கத்தான்.

எங்கிருந்து நடப்பது

சென்னையிலிருந்து நடப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பாதை. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலில் வேண்டிக்கொண்டு கிளம்பும் குழுக்கள் ஏராளம். மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று 300 கி.மீ.க்கு மேல் போகும் பாதை அது. ஒரு நாளைக்கு 30 கி.மீ. வீதம் விடாமல் பத்து நாளுக்கு மேல் நடக்க வேண்டும். பழகிய கால்களுக்கு அது சரி. முதல் முறைக்கு நான் சொல்லமாட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து தொடங்குங்கள். சுமார் 95 கி.மீ. நான்கு நாளில் அவசரப்படாமல் நடக்கலாம். முதல் நாள் அம்மாபேட்டை. இரண்டாம் நாள் நீடாமங்கலம் தாண்டிக் கொரடாச்சேரி. மூன்றாம் நாள் திருவாரூர் வழியாகக் கீழ்வேளூர். நான்காம் நாள் சிக்கல், நாகப்பட்டினம், அங்கிருந்து தெற்கே 12 கி.மீ. நடந்தால் வேளாங்கண்ணி. வழி நெடுக ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் தண்ணீருக்கும் மருந்துக்கும் அலைய வேண்டாம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஆண்டாக இருந்தால், குறுவை வயல்களுக்கு நடுவே விடியற்காலையில் நடப்பதே ஒரு பாக்கியம்.

திருச்சியிலிருந்து வருகிறவர்கள் இன்னும் ஒன்றரை, இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் சிலர் பூண்டி மாதாவையும் பார்த்துவிட்டு வருவார்கள்.

குழு

தனியாகக் கிளம்பாதீர்கள். பங்குக் கோவிலில், அதாவது உங்கள் பகுதிக் கத்தோலிக்கக் கோவிலில் கேட்டால், அங்கிருந்து போகும் குழு எது என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான குழுக்கள் ஜூலையிலேயே பெயர் வாங்க ஆரம்பித்துவிடும். பணம் கட்டும் முன் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். மூட்டைக்கு வண்டி வருகிறதா? சமையல் ஆள் யார்? இரவு தங்கும் இடங்கள் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டவையா? பெண்களுக்குக் குளிக்க, கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு? நடக்க முடியாமல் போனால் வண்டியில் ஏற்றிக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்கு "ஏற்றமாட்டோம், நேர்ச்சை முறிந்துவிடும்" என்று பதில் வந்தால் அந்தக் குழு வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசியில் பள்ளிக்கூடம் நடக்கும் காலம். வார நாட்களில் பள்ளி வராந்தா கிடைக்காது. அதனால் கோவில் வளாகம், கல்யாண மண்டபம், தெரிந்தவர் தோப்பு என்று இடம் உறுதியாக இருக்கும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.

நேர்ச்சையும் காவியும்

காவி உடுத்துவது, ஜெபமாலையை மந்திரித்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது, அசைவம் தவிர்ப்பது, செருப்பில்லாமல் நடப்பது எல்லாம் மக்கள் வழக்கத்தில் வந்தவை. மதிக்க வேண்டியவைதான், ஆனால் எதுவும் கட்டாயமில்லை. வெள்ளைச் சட்டையோடும் நடக்கலாம், சுடிதாரோடும் நடக்கலாம்.

நேர்ச்சை வைக்கும்போது உடம்பைக் கேட்டு வையுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொள்ளவே கூடாது. தார்ச்சாலையில் கண்ணாடிச் சில்லு குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. புண் ஆறவும் ஆறாது. முன்பே அப்படி நேர்ந்துவிட்டோமே என்று கலங்கினால் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள். தக்க காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கத் திருச்சபைச் சட்டம் பங்குத் தந்தைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. இது பலருக்குத் தெரியாமல், பயத்திலேயே காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பெண்கள் கூச்சத்தோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நடுவழியில் மாதவிடாய் வந்துவிட்டால் நடக்கலாமா, கோவிலுக்குள் போகலாமா? தாராளமாக. கத்தோலிக்கத் திருச்சபையில் அப்படி எந்தத் தடையும் இல்லை. குழுவில் யாராவது வேறு மாதிரி சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாப்கின் மட்டும் வீட்டிலிருந்தே போதுமான அளவு எடுத்து வையுங்கள்.

ஒரு மாதம் முன்பிருந்தே

காலையில் 4 கி.மீ. நடந்து பழகுங்கள். வாரம் ஒரு முறை தூரத்தைக் கூட்டி, கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு ஒரே நாளில் 15, 18 கி.மீ. நடந்து பாருங்கள். பயணத்தில் போடப்போகும் அதே செருப்பு, அதே சாக்ஸோடு நடக்க வேண்டும். புதுச் செருப்பை வாங்கி அன்றைக்கே மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான் முதல் நாளே படுத்துவிடுவதற்குக் காரணம். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மூட்டு வலிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பையில் அதிகம் வேண்டாம். இரண்டு செட் பருத்தி உடை, துண்டு, மெல்லிய போர்வை, தொப்பி, டார்ச், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கோட்டு. சாயங்கால இடி மழை டெல்டாவில் இந்த மாதத்தில் சகஜம். மருந்துப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வாசலின், பஞ்சு, ஸ்பிரிட், பேண்டேஜ், கிருமிநாசினி களிம்பு. அப்புறம் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், அவற்றின் சீட்டோடு. சட்டைப் பையில் ஒரு தாளில் உங்கள் பெயர், ரத்த வகை, வீட்டு போன் எண் எழுதி வையுங்கள்.

சாலையில்

பாதயாத்திரை போனவர்கள் மீது லாரி மோதிய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அதில் பலதும் இருட்டில் நடப்பவை. வெயிலுக்குப் பயந்து எல்லோரும் இரவில் நடக்க விரும்புவதால் வரும் ஆபத்து இது. என் கருத்து, அதிகாலை மூன்றரை, நான்கு மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். மறுபடியும் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் எடுத்து எட்டு மணிக்கு முடிக்க வேண்டும். நள்ளிரவு நடை வேண்டவே வேண்டாம். ஓட்டுநருக்கும் தூக்கம், உங்களுக்கும் தூக்கம்.

சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். முதுகிலும் கொடிக் கம்பிலும் சப்பரத்திலும் வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும். குழுவின் முன்னாலும் பின்னாலும் டார்ச்சோடு ஆள் இருக்க வேண்டும். காதில் ஹெட்போன் கூடாது. களைத்தால் சாலை ஓரத்திலோ நிற்கிற லாரிக்கு அடியிலோ ஒருபோதும் படுக்காதீர்கள்.

ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடப்பது நடைக்கு ஒரு தாளம் கொடுக்கும். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லும்போது கால் தானாக ஒரு சீருக்கு வந்துவிடும். நடுநடுவே யாராவது "மரியே" என்று குரல் கொடுக்க, "வாழ்க" என்று எல்லோரும் சொல்வார்கள். ஜெபம் தெரியாதவர்கள் கூடவே கேட்டுக்கொண்டு நடந்தால் போதும். இரண்டாம் நாளே மனப்பாடம் ஆகிவிடும். ஸ்பீக்கர் வைத்திருந்தால் அதிகாலையில் ஊருக்குள் போகும்போது சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு முறை இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் உட்கார்ந்து, பாதத்தை உங்கள் பக்கமாக மடக்கிப் பிடித்து, ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். தலை சுற்றி, வியர்வை நின்று, பேச்சுக் குழறினால் அது வெயில் தாக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் நனைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

கால்

கால் இல்லாவிட்டால் பயணமே இல்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நடக்கும் முன் விரல் இடுக்கு, குதிகால், கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் மேடு, இந்த மூன்று இடங்களிலும் வாசலின் தடவுங்கள். தொடை இடுக்கிலும் தடவுங்கள். அங்கே உராய்ந்து புண்ணாகி நடக்க முடியாமல் போவதை யாரும் வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. ஓய்வுக்கு உட்காரும்போதெல்லாம் செருப்பையும் சாக்ஸையும் கழற்றிக் காலைக் காற்றாட விடுங்கள். ஈர சாக்ஸோடு நடக்கவே கூடாது.

தோல் சிவந்து சூடாகத் தெரிந்தால் அப்போதே நின்று ஒரு பிளாஸ்டரை ஒட்டிவிடுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளினால் அது கொப்புளம் ஆகிவிடும். சின்னக் கொப்புளத்தை உடைக்க வேண்டாம், மூடி வைத்தால் போதும். பெரிதாகி, மிதிக்கவே முடியாமல் போனால், சோப்புப் போட்டுக் கழுவி, ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, கொப்புளத்தின் ஓரத்தில் ஒரு குத்துக் குத்தி நீரை மெதுவாக வெளியே அழுத்துங்கள். மேல் தோலை உரித்துவிடாதீர்கள், அதுதான் உள்ளே இருக்கும் பச்சைத் தோலுக்குக் காப்பு. களிம்பு தடவி மூடிக் கட்டுங்கள். சில குழுக்களில் ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு, நூலை அப்படியே விட்டுவிடுவார்கள். நீர் வடியும் என்பது உண்மைதான், அழுக்கும் அதே நூல் வழியாகத்தான் உள்ளே போகும். மறுத்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தாங்களாகக் கொப்புளத்தில் ஊசி குத்தவே கூடாது, மருத்துவ முகாமுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள்.

இரவு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைத்து, ஈரம் போகத் துடைத்து, சுவரில் காலைத் தூக்கி வைத்துக் கால் மணி நேரம் படுங்கள். வீக்கம் பாதி வடிந்துவிடும்.

வழியில் சோறு போடுபவர்கள்

நீர்மோர், தர்பூசணி, சாம்பார் சாதம், டீ என்று வழியில் யாராவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கொடுப்பவர் எந்த மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் நடக்கும் தரையும் அப்படிப்பட்டதுதான். திருவாரூரில் தியாகராஜர், சிக்கலில் சிங்காரவேலன், நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டவர் தர்கா, அதற்குத் தெற்கே ஆரோக்கிய மாதா. நாகை மாவட்டத்துக்காரர்களுக்கு இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஊர். கடலோரப் பாதையில் வருகிறவர்கள் நாகூரில் இறங்கி தர்காவில் சற்று நின்றுவிட்டு வருவதும் வழக்கம்.

கிடைத்ததை எல்லாம் சாப்பிடாதீர்கள். நடக்கும் நேரத்தில் பாதி வயிறுதான் நல்லது. பிளாஸ்டிக் டம்ளரையும் தட்டையும் வயலில் எறிந்துவிட்டுப் போவது, சோறு போட்டவருக்கு நாம் செய்யும் அவமரியாதை. ஒரு எவர்சில்வர் டம்ளர் கையில் இருந்தால் இந்தப் பிரச்சனையே இல்லை.

போய்ச் சேர்ந்த அன்று

குழு சப்பரத்தோடு கோவிலுக்குப் போய் ஜெபம் சொல்லி முடித்ததும் அங்கேயே கலைந்துவிடும். அன்றைக்கு அது போதும். குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். திருத்தலம் நடத்தும் விடுதிகளுக்கு முன்பதிவு வேண்டும். திருவிழா நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், மணலிலும் மண்டபத்திலும் படுப்பவர்கள்தான் அதிகம். பஸ் நிலையத்தில் வந்து கையைப் பிடித்து இழுக்கும் அறைத் தரகர்களை நம்பிப் போகாதீர்கள். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். குழந்தைகள் சட்டையில் போன் எண் குத்திவிடுங்கள்.

மறுநாள்: குளம், திட்டு, கோவில், கடல்

விடியும் முன்பே கிளம்பி முதலில் மாதா குளத்துக்குப் போங்கள். பழைய வேளாங்கண்ணி என்று சொல்லும் இடம் இதுதான். நாகப்பட்டினத்தில் இருந்த எசமானுக்குப் பால் கொண்டுபோன ஒரு பையன் இந்தக் குளத்தோர ஆலமரத்து நிழலில் ஒதுங்கியிருக்கிறான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து பிள்ளைக்குப் பால் கேட்டாள். கொடுத்துவிட்டு, தாமதத்துக்கும் குறைந்த பாலுக்கும் என்ன பதில் சொல்வது என்ற பயத்தோடு போனவனின் குடத்தைத் திறந்தால் பால் பொங்கி வழிந்தது என்பது கதை. 16-ஆம் நூற்றாண்டில் நடந்ததாக மரபு. எழுத்து ஆவணம் எதுவும் இல்லாமல், வாய்வழியாகவே நின்ற கதை இது. குளத்துத் தண்ணீரை எடுத்துப்போக வீட்டிலிருந்தே ஒரு சின்ன பாட்டில் கொண்டு வாருங்கள்.

அடுத்தது நடுத்திட்டு. இங்கேயும் ஆலமரம், இங்கேயும் ஒரு பையன். ஏழை விதவையின் மகன், கால் ஊனமானவன், திட்டில் உட்கார்ந்து வழிப்போக்கர்களுக்கு மோர் விற்றவன். குழந்தையோடு வந்த அன்னை மோர் வாங்கிக்கொண்டு, நாகப்பட்டினத்தில் இருக்கும் ஒரு கிறிஸ்தவரிடம் போய் இங்கே கோவில் கட்டச் சொல் என்றாள். நடக்க முடியாதவன் எழுந்து ஓடினான். அந்தக் கிறிஸ்தவர் கட்டிய ஓலைக் கோவிலில்தான் ஆரோக்கிய மாதா என்ற பெயரே பிறந்தது. நோயாளிகள் இந்த ஊரைத் தேடி வருவதன் வேர் இங்கே இருக்கிறது. பெரிய கோவில் வரிசையில் ஆயிரம் பேர் நிற்கும்போதும் நடுத்திட்டில் கொஞ்சம் அமைதியாக உட்காரக் கிடைக்கும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று வேண்டிக்கொண்டு நடந்தவர்கள் அந்த ஜெபத்தை இங்கேயே சொல்லுங்கள் என்பேன்.

இந்த இரண்டையும் பார்த்த பிறகு பெரிய கோவிலுக்குப் போனால் அது வேறு மாதிரி தெரியும். மக்காவிலிருந்து இலங்கை போன போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று வங்கக் கடலில் புயலில் மாட்டியது, கரை சேரும் இடத்தில் மாதாவுக்குக் கோவில் கட்டுவதாக மாலுமிகள் நேர்ந்துகொண்டார்கள், வந்து ஒதுங்கியது இங்கே, அது செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் விழா. இது மூன்றாவது கதை. மக்கா என்றால் அரேபியாவில் இருக்கும் நகரம் இல்லை, சீனக் கரையில் போர்த்துக்கீசியர் வசமிருந்த மக்காவு. ஓலைக் கோவில் இருந்த இடத்தில் 24 அடி நீளம், 12 அடி அகலத்தில் செங்கல் கோவில் எழுப்பினார்கள். பின்னர் வந்தபோது சீனாவிலிருந்து கொண்டுவந்த பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் பதித்தார்கள். சேலை உடுத்திய மாதா சுரூபத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டு போவதால் இந்தத் தட்டுகள் கண்ணில் படுவதில்லை. வரிசை நகரும்போது பீடத்தை ஒரு முறை கவனித்துப் பாருங்கள். பைபிள் காட்சிகள் வரைந்த அந்தத் தட்டுகள், புயலில் பிழைத்தவர்கள் செலுத்திய நேர்ச்சை.

நாகப்பட்டினம் பங்கோடு இருந்த வேளாங்கண்ணி 1771-இல் தனிப் பங்கானது. 1962-இல் திருத்தந்தை (போப்) 23-ஆம் யோவான் இதைப் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதிக்கு உயர்த்தினார். இன்று தஞ்சாவூர் மறைமாவட்டத்தில் இருக்கிறது.

முழங்காலில் நடப்பதாக நேர்ந்தவர்கள், கோவிலிலிருந்து குளம் நோக்கிப் போகும் மணல் பாதையில் அதைச் செய்வார்கள். வழியோரம் இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகள் இருக்கின்றன. வெயில் ஏறினால் மணல் சுடும், அதனால் விடியற்காலையோ சாயங்காலமோதான். முழங்காலில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். கூட ஒருவர் வர வேண்டும். அங்கே பார்த்தால் தெரியும், முழங்காலிட்டுப் போகும் தாய்க்குப் பக்கத்தில் மகள் ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறு கையில் தண்ணீர் பாட்டிலோடு அதே வேகத்தில் நடப்பாள். ஐந்தடி போய் நிற்கும்போது முந்தானையால் தாயின் முகத்தைத் துடைத்துவிடுவாள். அவர்களை போனில் படம் எடுக்காதீர்கள். ஒதுங்கி வழி விடுங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் அதே பாதையில் சிலுவைப்பாதை ஜெபம் சொல்லி நடந்தால் போதும்.

மொட்டை, காது குத்து, தென்னங்கன்று, தொட்டில், ஆள் உயர மெழுகுவர்த்தி, கை கால் உருவம் பொறித்த வெள்ளித் தகடு என்று காணிக்கைகள் பலவிதம். ரசீது கொடுக்கும் இடத்தில் மட்டும் பணம் கட்டுங்கள். மொட்டை போடும்போது புது பிளேடை உங்கள் கண்முன் மாட்டச் சொல்லுங்கள். காணிக்கைப் பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடத்தைத் தவறவிடாதீர்கள். வெள்ளித் தொட்டில்களும் குட்டி வீடுகளும் நன்றிக் கடிதங்களும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை அங்கே நின்று வாசிக்கலாம்.

பூசையில் யாரும் கலந்துகொள்ளலாம். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நன்மை (பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பம்) வாங்கும் வரிசையில் மட்டும் போக வேண்டாம். தெரியாமல் பிரசாதம் என்று நினைத்துக் கை நீட்டுகிறவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே இருந்து வேண்டிக்கொள்ளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பும் கத்தோலிக்கர்கள் திருவிழா நாளைவிட அதற்கு முன்னரே செய்துவிடுவது நல்லது.

கடைசியாகக் கடல். மொட்டை போட்டுக் கடலில் முங்குவது காலங்காலமான வழக்கம். முழங்கால் அளவோடு நிறுத்துங்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கரையிலும் கடைத்தெருவிலும் இருந்த நூற்றுக்கணக்கான திருப்பயணிகளைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. தண்ணீர் கோவிலுக்குள் வரவில்லை என்று அதிசயமாகப் பேசுவார்கள். கோவிலுக்கு வெளியே இறந்தவர்களும் மாதாவைத் தேடி வந்தவர்கள்தான். அவர்களுக்காகக் கரையில் நின்று ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுங்கள்.

எந்த நாளில் போய்ச் சேருவது

ஆகஸ்ட் 29 சாயங்காலம் கொடியேற்றம். அப்புறம் தினமும் நவநாள், பல மொழிகளில் பூசை, இரவில் தேர். செப்டம்பர் 7 இரவு பெரிய தேர் பவனி. 8-ஆம் தேதி திருவிழாப் பூசையும் கொடியிறக்கமும். பெரிய தேரைப் பார்க்க ஆசைதான் இருக்கும், ஆனால் அன்றைய நெரிசலில் குளத்தையும் திட்டையும் நிதானமாகப் பார்க்க முடியாது. குழந்தைகளும் வயதானவர்களும் கூட வருவதானால் செப்டம்பர் 1-லிருந்து 4-க்குள் போய்ச் சேரும்படி திட்டம் போடுங்கள்.

திரும்பும்போது

வேளாங்கண்ணிக்கே ரயில் நிலையம் இருக்கிறது, நாகப்பட்டினத்திலிருந்து 2010-இல் பாதை திறந்தார்கள். டிக்கெட்டைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். சிறப்புப் பேருந்துகளும் ஓடும். 8-ஆம் தேதி இரவு பஸ் நிலையத்தில் அல்லாடுவதைவிட, 9-ஆம் தேதி காலையில் கிளம்புவது நிம்மதி. வாங்கிய ஜெபமாலை, சுரூபம், படங்களை ஊருக்குப் புறப்படும் முன் மந்திரித்து வாங்கிக்கொள்ளுங்கள். வீடு வந்த பிறகு ஒரு வாரத்துக்குக் காலைத் தினமும் பாருங்கள். ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவாகப் பங்குக் கோவிலில் நன்றிப் பூசைக்குக் கூடும்போது வரவு செலவுக் கணக்கை எல்லோர் முன்பாகவும் வாசித்துவிடச் சொல்லுங்கள். மீதம் இருந்தால், வழியில் படுக்க இடம் கொடுத்த கோவில்களுக்கு அனுப்பிவிடலாம். அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கும் அதே வராந்தா வேண்டும்.